லண்டன் கலியாணத்துக்கு ஆறு பேர்: யாருக்கு ஈடிஏ, யாருக்கு விசா?

செவ்வந்தி93:

வணக்கம். இன்னும் ஆறு கிழமையில் லண்டன் ஹரோவில் என் கணவரின் மச்சாளின் மகளுக்குக் கலியாணம். நாங்கள் பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னெவில் இருக்கிறோம். கடைசியாக லண்டன் போனது 2019இல், அப்போது பிரெஞ்சு அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போய் வந்தோம், ஒரு கேள்வியும் இல்லை. இப்போது ஈடிஏ என்று ஒன்று எடுக்க வேண்டும் என்கிறார்கள். அது என்ன, எல்லோருக்கும் வேண்டுமா என்று கேட்டால் ஒருவர் ஒன்று சொல்கிறார், அடுத்தவர் வேறொன்று சொல்கிறார், தலை சுற்றுகிறது.

கலே வரை போய்ச் சுரங்க ரயிலில் காரை ஏற்றிப் போவதாக யோசனை. மொத்தம் ஆறு பேர். நானும் கணவரும் பிரெஞ்சுப் பிரசைகள், பாஸ்போட் இருக்கிறது. மூத்தவனுக்கு ஒன்பது வயது, அவனுக்கும் பாஸ்போட் இருக்கிறது. சின்னவளுக்குப் பதினான்கு மாதம், அவளுக்கு அடையாள அட்டை மட்டும்தான் எடுத்தோம். மாமி இலங்கை பாஸ்போட், இங்கே பத்து வருடக் கார்த், அதாவது பிரெஞ்சு வதிவிட அட்டை, வைத்திருக்கிறா. என் தம்பி அகதி அந்தஸ்தில் இருக்கிறான், அவனிடம் பிரான்ஸ் கொடுத்த பயணப் பத்திரம் இருக்கிறது.

லா சப்பல் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். தலைக்கு 70 யூரோ தந்தால் ஆறு பேருக்கும் இன்றைக்கே போட்டுத் தருவார்களாம், மாமிக்குப் பிரெஞ்சுக் கார்த் இருப்பதால் அவவுக்கும் ஈடிஏ போதுமாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. மணப்பெண்ணைக் கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கி வளர்த்தது மாமிதான், அவவை விட்டுவிட்டுப் போக மனமே இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஹரோ_அண்ணை:

தங்கச்சி, முதலில் அந்தக் கடைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் குடும்பம் ஒரே காரில் வந்தாலும் பிரித்தானிய எல்லையில் அவர்கள் பார்ப்பது ஒவ்வொருவர் கையிலும் எந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கிறது என்பதைத்தான். பிரான்சில் எத்தனை வருடம் இருந்தோம், எந்தக் கார்த் வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

உங்கள் நாலு பேருக்கும், அதாவது நீங்கள், கணவர், இரண்டு பிள்ளைகள், ஈடிஏ போதும். விசா தேவையில்லாத நாட்டுக்காரர் இங்கே குறுகிய காலத்துக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் எடுக்கும் அனுமதி அது. ஐரோப்பியர்களுக்கு 2025 ஏப்ரல் 2 முதல் கட்டாயம். முதல் கொஞ்ச நாள் இல்லாமல் வந்தவர்களையும் விட்டுப் பிடித்தார்கள், ஆனால் 2026 பெப்ரவரி 25க்குப் பிறகு அந்த இளக்கம் இல்லை, ஈடிஏ இல்லாவிட்டால் ரயிலிலோ விமானத்திலோ ஏற்றவே மாட்டார்கள். கட்டணம் 10 பவுண்டில் தொடங்கி 2025 ஏப்ரல் 9இல் 16 பவுண்ட் ஆனது, நீங்கள் கட்டும் அன்றைக்கு அரசாங்க ஆப் என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு. ஒருமுறை கிடைத்தால் இரண்டு வருடம் செல்லும், எத்தனை தடவையும் வரலாம், ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை நிற்கலாம். வேலை செய்ய முடியாது.

கைக்குழந்தைக்கும் தனி ஈடிஏ வேண்டும், தாயின் பெயரோடு சேர்த்துப் போட முடியாது. அதைவிட முக்கியம் சின்னவளின் பாஸ்போட். பிரெஞ்சு அடையாள அட்டையோடு வருவது 2021 ஒக்டோபர் 1ஆம் திகதியோடு நின்றுவிட்டது. அதனால் நாளைக்கே மேரியில் (நகரசபையில்) ரொந்தேவூ, அதாவது சந்திக்கும் நாள், எடுங்கள். உங்கள் ஊர் மேரியில் நாள் இல்லை என்றால் பிரான்சில் பாஸ்போட் விண்ணப்பம் எடுக்கும் எந்த மேரியிலும் கொடுக்கலாம், அது பலருக்குத் தெரியாது. பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 17 யூரோ முத்திரைதான். ஈடிஏ அந்தப் பாஸ்போட் இலக்கத்தோடு ஒட்டிக்கொள்வதால் பாஸ்போட் கைக்கு வந்த பிறகுதான் அவளுக்குப் போட முடியும்.

மாமிக்கும் தம்பிக்கும் ஈடிஏ கிடையாது, இருவருக்கும் விசா வேண்டும். இலங்கைப் பாஸ்போட்காரருக்குப் பத்து வருடக் கார்த் இருந்தாலும் சரி, ஐம்பது வருடம் பிரான்சில் இருந்தாலும் சரி, லண்டனுக்கு விசா விசாதான். அகதிப் பயணப் பத்திரத்துக்கும் அதே கதை. கடைக்காரர் மாமிக்கு ஈடிஏ போடுகிறேன் என்றால் நாட்டுரிமை என்ற இடத்தில் எதை எழுதப் போகிறார்? பிரான்ஸ் என்று எழுதினால் அது பொய். பொய்த் தகவல் கொடுத்ததாக இந்த நாட்டுக் குடிவரவில் பதிவானால் பிறகு பத்து வருடம் வரை விசா மறுக்கலாம். அந்தப் பழி கடைக்காரருக்கு வராது, மாமியின் பெயரில்தான் நிற்கும்.

என் அக்கா குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாரிசின் கார் து நோர்ட் ஸ்டேஷனில் லண்டன் போகும் யூரோஸ்டார் ரயில் ஏற வந்தார்கள். அங்கே பிரெஞ்சுப் பரிசோதனை முடிந்து பத்து அடி நடந்தால் பிரித்தானிய அதிகாரிகள் இருப்பார்கள், லண்டன் எல்லை பாரிசுக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எல்லாம் சரி. கூட வந்த பெரியம்மாவுக்கு இலங்கைப் பாஸ்போட், யாரோ ஒரு முகவர் ஏதோ ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்து இதுதான் அனுமதி என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பக் கொடுத்தாராம். பெரியம்மா பயித்தம்பணியார வாளியை மடியில் வைத்தபடி ஸ்டேஷன் வாங்கிலில் இருந்தா, ரயில் போய்விட்டது. அவவைத் தனியே விட முடியாமல் அக்கா கூட நின்றுவிட்டா. இரண்டு பேருமே கலியாணம் பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கலே வழி வந்தாலும் இதே முறைதான், சுரங்க ரயிலில் கார் ஏற முன்பே கலேக்குப் பக்கத்துக் கொக்கேலில் பிரித்தானியப் பரிசோதனை முடிந்துவிடும். காரில் இருக்கும் ஒருவருக்கு ஒன்று குறைந்தாலும் கார் முழுக்க ஒதுக்கி நிறுத்தப்படும்.

புதுவைக்காரி:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் ஒரு கொலேஜில், அதாவது பிரெஞ்சு நடுநிலைப் பள்ளியில், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த விசா விண்ணப்பங்களைப் பலருக்கு உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், அதனால் மாமி விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஆறு வாரம் போதும், ஆனால் இன்றைக்கே தொடங்க வேண்டும். அரசாங்கத் தளத்தில் ஆங்கிலத்தில் படிவம் நிரப்பி, பணம் கட்டி, பாரிசில் இருக்கும் விசா மையத்தில் கைரேகையும் போட்டோவும் கொடுக்க நாள் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் ஆறு மாத விசிட்டர் விசாவை 127 பவுண்டாக்கினார்கள், ஈடிஏ மாதிரி சில்லறைக் காசு இல்லை. கைரேகை கொடுத்த நாளிலிருந்து வழக்கமாக மூன்று வாரம் என்று சொல்வார்கள். கைரேகைக்கு நாள் கிடைக்க ஒரு வாரம் போனால்கூட உங்களுக்கு இடம் இருக்கிறது, பத்து நாள் யோசித்துவிட்டுத் தொடங்கினால் இல்லை.

அவர்கள் பார்ப்பது மூன்று விஷயம். ஏன் வருகிறார், யார் செலவு செய்கிறார்கள், திரும்பிப் போவாரா. கார்த் இங்கேதான் உதவும், மாமி பிரான்சில் சட்டப்படி வாழ்கிறார், திரும்பி வர வீடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஹரோ வீட்டுக்காரர் ஒரு கடிதம் எழுதட்டும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வீட்டில் தங்குவார் என்று. செலவு உங்கள் கணவருடையது என்றால் அவருடைய சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் வையுங்கள். கல்யாணப் பத்திரிகையைக் கட்டாயம் வையுங்கள், ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத எந்தத் தாளுக்கும் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். நம் பத்திரிகை பாதி தமிழில்தான் இருக்கும், பிரெஞ்சுத் தாள்களும் அப்படியே. இதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தம்பிக்கும் இதே படிவம்தான். அவரிடம் பயணப் பத்திரம் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள், அதைப் புதுப்பிக்கப் பிரெபெக்துரில் (மாவட்ட அரசு அலுவலகத்தில்) எவ்வளவு காலம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

பாஸ்போட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று அண்ணன் சொன்னதற்கு எங்கள் வீட்டு உதாரணம் ஒன்று. புதுச்சேரியில் இருக்கும் என் பெரியப்பாவிடம் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கிறது. 1962இல் பிரான்ஸ் அந்தப் பகுதிகளை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைத்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். அவர் பிரான்சில் ஒரு வருடம்கூடச் சேர்ந்தாற்போல இருந்தது கிடையாது, சென்னையில் விமானம் ஏறி ஈடிஏவோடு லண்டனில் இறங்குகிறார். என் கணவர் இருபது வருடமாகப் பாரிசில் வேலை செய்கிறார், இந்தியப் பாஸ்போட் என்பதால் விசா எடுக்கிறார்.

அப்புறம் இன்னொன்று, இந்த இழையைப் படிக்கும் பெற்றோருக்காக. பிரெஞ்சுப் பள்ளி வழியாகக் குழுவாக லண்டன் சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கு 2023 டிசம்பர் 28 முதல் தனிச் சலுகை இருக்கிறது. பள்ளி ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்திட்டால் பிரெஞ்சுப் பிள்ளைகள் அடையாள அட்டையோடு போகலாம், விசா தேவைப்படும் நாட்டுப் பிள்ளைகளும் விசா இல்லாமல் தங்கள் பாஸ்போட்டோடு போகலாம். என் வகுப்பில் இலங்கைப் பாஸ்போட் வைத்திருந்த ஒரு பிள்ளையின் அப்பா, விசா கிடைக்காது என்று நினைத்துப் பெயர் கொடுக்காமலே விட்டுவிட்டார். நான் போன் செய்து சொன்ன பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். பள்ளியில் கேளுங்கள்.

கிள்ளான்காரன்:

நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன், எங்களுக்கும் லண்டனுக்கு விசா இல்லை, 2025 ஜனவரி 8 முதல் ஈடிஏ. மகன் அங்கே படிக்கிறான், அதனால் எனக்கு இதில் பட்ட அனுபவம் இருக்கிறது.

முதல் வருடமே எடுத்துவிட்டேன், இரண்டு வருடம் செல்லும் என்று நிம்மதியாக இருந்தேன். நடுவில் பாஸ்போட் முடியப் போகிறது என்று புதுப்பித்தேன். பழைய பாஸ்போட்டோடு ஈடிஏவும் செத்துவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கேஎல்ஐஏ விமான நிலையக் கவுண்டரில் அந்தப் பெண் என் பாஸ்போட்டை மூன்று தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, ஐயா உங்களுக்கு அனுமதி காட்டவில்லையே என்றார். மனைவிக்குப் பெட்டி போய்விட்டது, எனக்குப் போகவில்லை. அங்கேயே ஓரமாக நின்று போனில் திரும்பவும் எல்லாம் நிரப்பினேன், கை நடுங்கியதில் பிறந்த தேதியை இரண்டு தடவை தவறாக அடித்தேன். அரை மணி நேரத்துக்குள் மின்னஞ்சல் வந்தது. வந்ததால் தப்பித்தேன், மூன்று வேலை நாள் வரை ஆகலாம் என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். நீங்கள் எல்லாரும் உங்கள் பாஸ்போட் முடியும் தேதியை இப்போதே பாருங்கள். இங்கிலாந்துக்கு ஆறு மாத மிச்சம் தேவையில்லை, தங்கும் நாள் முழுக்கச் செல்லுபடியானால் போதும், ஆனால் சீக்கிரம் புதுப்பிக்க வேண்டியது என்றால் முதலில் பாஸ்போட், அடுத்துதான் ஈடிஏ.

ஆப்பில் செய்யும்போது சிரமம் தருவது பாஸ்போட்டில் இருக்கும் சிப்பைப் படிப்பதுதான். போனின் உறையைக் கழற்றுங்கள், பாஸ்போட் மேலுள்ள பிளாஸ்டிக் அட்டையையும் கழற்றி மரமேசை மேல் வையுங்கள், போனை அதன் மேல் படுக்க வைத்து மயிர் இழை அளவு நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். ஒரு இடத்தில் போன் அதிரும், அப்போது கையை எடுக்கக் கூடாது. என் மனைவி அவசரப்பட்டு எடுத்து எடுத்து அரை மணி நேரம் போனது.

இன்னொன்று, ஈடிஏ இருந்தால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள், அது கிளம்புவதற்கான அனுமதிதான். மலேசியப் பாஸ்போட்டுக்கு அங்கே தானியங்கிக் கதவு கிடையாது, அதிகாரியிடம் நிற்க வேண்டும். எத்தனை நாள், யார் வீடு, திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்டார், சொன்னேன், விட்டுவிட்டார்.

நல்லூர்_மகள்:

நான் குறுக்கே கேட்கலாமா? என் மகள் லண்டனில் பிறந்தவள், நாங்கள் அங்கே நிரந்தரமாக இருந்தபோது. அவளுக்குப் பிரித்தானியப் பாஸ்போட் எடுத்தோம், பிறகு பிரான்சுக்கு வந்துவிட்டோம், அது முடிந்து நாலு வருடம். இப்போது பிரெஞ்சுப் பாஸ்போட்டும் இருக்கிறது. அதை வைத்து ஈடிஏ போட்டால் போதுமா?

ஹரோ_அண்ணை:

போடாதீர்கள். பிரித்தானியப் பிரசைக்கு ஈடிஏ இல்லை, எடுக்கவும் கூடாது. 2026 பெப்ரவரி 25இலிருந்து இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் செல்லுபடியான பிரித்தானியப் பாஸ்போட்டையோ, பிரித்தானியாவில் வாழும் உரிமைக்கான சான்றிதழோடு மற்ற நாட்டுப் பாஸ்போட்டையோ காட்ட வேண்டும். சான்றிதழுக்கு 589 பவுண்ட் என்று கட்டணம் வைத்திருந்தார்கள், அதோடு பார்த்தால் பாஸ்போட்டைப் புதுப்பிப்பது எவ்வளவோ மலிவு. பிள்ளையின் பாஸ்போட்டை இணையத்திலேயே பிரான்சிலிருந்து புதுப்பிக்கலாம், ஆனால் வெளிநாட்டு விண்ணப்பம் என்பதால் நாள் எடுக்கும், விடுமுறைக்கு முதல் கிழமை தொடங்காதீர்கள். இரண்டு பாஸ்போட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் ஒன்றில் முன்னுக்கு, மற்றதில் பின்னுக்கு நிற்கும், அங்கேதான் விண்ணப்பம் மாட்டிக்கொள்ளும்.

பெயர் என்றதும் செவ்வந்திக்கும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிரெஞ்சுப் பாஸ்போட்டில் கலியாணம் முடித்த பெண்களுக்குப் பிறந்த பெயர் மேலேயும் கணவரின் பெயர் கீழேயும் இருக்கும். அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரியில் பிறந்த பெயர்தான் இருக்கும், ஆப் எடுப்பதும் அதைத்தான். ரிக்கற்றையும் அதே பெயரில் போடுங்கள்.

குற்றத் தீர்ப்பு பற்றி ஒரு கேள்வி வரும். அதற்கு உண்மையைச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை இருந்தாலோ கடந்த ஒரு வருடத்துக்குள் தீர்ப்பு வந்திருந்தாலோ ஈடிஏ கிடைக்காது, விசாவுக்குத்தான் போட வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு கிடையாது, கட்டிய காசும் திரும்பாது.

கடைசியாகச் சாப்பாடு. பாரிசிலிருந்து வருபவர்கள் எல்லோரும் மட்டன் ரோல்ஸும் ஆட்டிறைச்சிக் கறியும் கட்டிக்கொண்டு வருவீர்கள். 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பாவிலிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பால், சீஸ், வெண்ணெயும் தனிப்பட்ட பாவனைக்குக்கூடக் கொண்டுவரத் தடை. கோமாரி நோய்க்காகப் போட்டது. பிடித்தால் பறித்துவிடுவார்கள், பெரிய அளவென்றால் 5,000 பவுண்ட் வரை தண்டம். குழந்தைக்கான பால்மாவுக்கு மட்டும் சலுகை உண்டு, சின்னவளுக்கு அதைக் கொண்டுவரலாம்.

வெம்பிளி_நிலா:

எதிர்ப்பக்கமும் யாராவது சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரித்தானியப் பாஸ்போட், கோடையில் பாரிஸ் தேருக்குப் போகிறோம். எத்தியாஸ் என்ற ஐரோப்பிய முன் அனுமதி எடுக்க வேண்டுமா? ஒரு தளம் இப்போதே காசு கேட்கிறது.

புதுவைக்காரி:

அந்தத் தளத்தில் காசு கட்டாதீர்கள். எத்தியாஸ் 2026 கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது, தொடங்கும்போது 20 யூரோ, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் எழுபதைத் தாண்டியவர்களுக்கும் இலவசம். அதற்கு முன்னால் காசு வாங்கும் எந்தத் தளமும் உங்களை ஏமாற்றுகிறது. லண்டன் ஈடிஏவுக்கும் இதே எச்சரிக்கை, தேடினால் முதலில் விளம்பரமாக வரும் தளங்கள் மூன்று மடங்கு, நாலு மடங்கு கேட்கும். முகவரி ஜிஓவி டாட் யூகே என்று முடிகிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு இப்போது இருப்பது வேறொன்று. 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு, பாஸ்போட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகமும் நான்கு விரல் ரேகையும் எடுப்பார்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ரேகை இல்லை, போட்டோ மட்டும். இலவசம்தான், வீட்டிலிருந்து எதுவும் எடுக்க வேண்டாம், வரிசைக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம், இனி அதைக் கணினியே எண்ணும். பாஸ்போட் கொடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

செவ்வந்தி93:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இரவு முழுக்க இருந்து வாசித்தேன். இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சின்னவளுக்கு இங்கே நாள் கிடைக்கவில்லை, அண்ணை சொன்னபடி வெளியே தேடினேன், மோ நகரத்து மேரியில் செவ்வாய்க்கிழமைக்குக் கிடைத்தது. கணவருக்கும் மூத்தவனுக்கும் ஈடிஏ போட்டோம், இருவருக்கும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை. சிப் படிக்க எனக்கும் நேரம் எடுத்தது, கிள்ளான் ஐயா சொன்னதுபோல உறையைக் கழற்றிச் சமையலறை மேசையில் வைத்தபோதுதான் அதிர்ந்தது.

தம்பியின் பயணப் பத்திரம் அடுத்த மாதம் முடிகிறது, அவன் இந்தமுறை வரவில்லை என்று சொல்லிவிட்டான். மாமியின் படிவத்தை நானும் அவவும் சேர்ந்து நிரப்பினோம். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன், என்ர பிள்ளையின் கலியாணம் என்று எழுது என்றா. பேத்தி முறை என்று திருத்தி எழுதினேன். கைரேகைக்கு அடுத்த வியாழன் காலை ஒன்பதரைக்கு நாள். மச்சாள் கடிதம் அனுப்பிவிட்டா, பத்திரிகையை மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தாயிற்று. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.